ஆற்றின் நடுவே ஒரு காலை: இலினாய் ஆளுநர் எட்வர்ட் கோல்ஸ்

இலினாய் என்றதும் பலருக்குச் சிகாகோ நினைவுக்கு வரும், அப்புறம் ஆபிரகாம் லிங்கன். அந்த மாநிலத்துக் கார்களின் எண் பலகையிலேயே 'லிங்கனின் மண்' என்று பொறித்திருக்கிறார்கள். அடிமை முறையை ஒழித்த மனிதரை நாட்டுக்குக் கொடுத்த மண் என்ற பெருமை அதற்கு உண்டு. அதே மண் அடிமைகளை வைத்துப் பண்ணையம் செய்யும் மாநிலமாக மாறிவிடும் கட்டத்துக்கு ஒருமுறை வந்தது என்பது அந்த ஊர்க்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது.

1824 ஆகஸ்ட் 2. அன்று இலினாய் வாக்காளர்கள் முன் ஒரு கேள்வி இருந்தது: மாநிலத்தின் அரசியல் சாசனத்தைத் திருத்த ஒரு பேரவையைக் கூட்டலாமா, வேண்டாமா? கேள்வியில் 'அடிமை' என்ற சொல்லே இல்லை. ஆனால் எதற்காகத் திருத்தம் என்பது காட்டு வழியில் குதிரை ஓட்டிப்போகும் சிறுவனுக்கும் தெரிந்திருந்தது. 'வேண்டும்' என்று 4,972 பேரும் 'வேண்டாம்' என்று 6,640 பேரும் வாக்களித்தார்கள். வித்தியாசம் 1,668. லிங்கனுக்கு அப்போது 15 வயது, இன்னும் இந்தியானாவில் அப்பாவுடன் மரம் வெட்டிக்கொண்டிருந்தார்.

அந்த 1,668 வாக்குகளுக்காகப் பதினெட்டு மாதம் உழைத்த கூட்டத்தின் நடுவில் நின்றவர் அப்போதைய ஆளுநர் எட்வர்ட் கோல்ஸ். இலினாயின் இரண்டாவது ஆளுநர். அமெரிக்காவின் ஆரம்பகால அரசியல்வாதிகளில் அடிமை முறை தவறு என்று எழுதியவர்களுக்குப் பஞ்சமே இல்லை. எழுதியபடி நடந்தவர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது. கோல்ஸ் ஊருக்கு உபதேசம் செய்யும் முன் தன் வீட்டுக் கணக்கைத் தீர்த்தார். தாமதமாகத்தான் தீர்த்தார், குறைகளும் இருந்தன. ஆனாலும் தீர்த்தார். அதனால்தான் அவரைப் பற்றி விரிவாக எழுதத் தோன்றுகிறது.

கோல்ஸ் பிறந்தது 1786 டிசம்பர் 15, வர்ஜீனியாவின் ஆல்பமார்ல் மாவட்டத்தில், என்னிஸ்கார்த்தி என்ற பெரிய பண்ணையில். அப்பா ஜான் கோல்ஸ் அந்தப் பகுதியின் பெரும் நிலக்கிழார்களில் ஒருவர். சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெஃபர்சன் அக்கம்பக்கத்துக்காரர். ஜேம்ஸ் மேடிசனின் மனைவி டாலி, கோல்ஸ் குடும்பத்துக்கு உறவு. ஆக, அன்றைய அமெரிக்காவை ஆண்ட வட்டம் அவருக்குச் சொந்தபந்தங்களும் வீட்டுக்கு வந்து போகிறவர்களும்தான். பையன் நினைத்திருந்தால் வர்ஜீனியாவிலேயே சட்டமன்றம், காங்கிரஸ் என்று வசதியாக ஏறிப் போயிருக்கலாம்.

குறுக்கே வந்தது ஒரு வகுப்பறை. வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் அவர் படித்தபோது அதன் தலைவராக இருந்தவர் பிஷப் ஜேம்ஸ் மேடிசன். பின்னாளில் குடியரசுத் தலைவரான மேடிசனுக்கு உறவினர், பெயரும் அதே. எல்லா மனிதரும் பிறப்பால் சமம் என்று பிஷப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது கோல்ஸ் எழுந்து கேட்டார்: அப்படியானால் ஒரு மனிதன் இன்னொரு மனிதனை எப்படி உடைமையாக வைத்திருக்க முடியும்? பிஷப் மழுப்பவில்லை. நியாயப்படி முடியாது, ஆனால் அதை ஒழிப்பது கடினம் என்பதால் பொறுத்துக்கொண்டிருக்கிறோம் என்றார். பதில் நேர்மையானதுதான், ஆனால் கேட்ட மாணவனுக்கு அது போதவில்லை. தவறு என்று தெரிந்தபின் கஷ்டம் என்ற காரணம் எப்படிச் செல்லும் என்று மனதில் புழுங்கினார். தனக்குச் சொத்தாக அடிமைகள் வந்தால் அவர்களை வைத்துக்கொள்வதில்லை, அடிமை முறை உள்ள மாநிலத்தில் வாழ்வதுமில்லை என்று அப்போதே முடிவு செய்தார்.

முடிவை அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் உயிலில் தன் பங்குக்கு அடிமைகள் இல்லாமல் செய்துவிடுவார், அவர்கள் வேறு கைக்குப் போய்விடுவார்கள் என்று பயந்தார். 1808இல் அப்பா இறந்தார். கோல்ஸுக்கு ஒரு பண்ணையும் ஏறத்தாழ 20 அடிமைகளும் வந்தார்கள். விஷயத்தை அதன்பிறகு குடும்பத்தில் போட்டு உடைத்தார். அண்ணன்மார் பதறினார்கள். போதாக்குறைக்குச் சட்டமும் குறுக்கே நின்றது. வர்ஜீனியா 1806இல் போட்ட சட்டப்படி, விடுதலை பெற்ற அடிமை பன்னிரண்டு மாதத்துக்குள் மாநிலத்தை விட்டு வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி பிடித்து விற்றுவிடலாம். அதாவது வர்ஜீனியாவில் இருந்துகொண்டு ஒருவரை விடுதலை செய்தால், அவரை ஊரைவிட்டும் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டும் துரத்துவதாக அது முடியலாம். பண்ணையை விற்றுவிட்டு எல்லோரையும் கூட்டிக்கொண்டு வடமேற்கே போவதுதான் வழி என்று கோல்ஸ் தீர்மானித்தார்.

தீர்மானித்தார், ஆனால் உடனே போகவில்லை. இங்கே அவருடைய கதையின் சங்கடமான பகுதி வருகிறது, அதை மூடி மறைக்க எனக்கு விருப்பமில்லை. அப்பா இறந்தது 1808. அந்த மக்கள் விடுதலை அடைந்தது 1819. இடையே பதினோரு ஆண்டு அவர்கள் உழைத்தார்கள், வருமானம் கோல்ஸுக்குப் போனது. நிலத்தை வாங்க ஆள் கிடைக்கவில்லை, 1812இல் இங்கிலாந்தோடு போர் வந்தது, வேலை வந்தது என்று காரணங்கள் உண்டு. அவர் பக்கத்தில் அவை உண்மையான காரணங்களே. வயலில் நின்ற மனிதர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் அது அவர்களுடைய வாழ்க்கையில் பதினோரு ஆண்டு.

வந்த வேலை, குடியரசுத் தலைவர் மேடிசனின் தனிச் செயலாளர் பதவி. 1810 முதல் 1815 வரை கோல்ஸ் வெள்ளை மாளிகையில் இருந்தார். கைதிகளைப் போலச் சங்கிலியில் பிணைத்த அடிமைகளை வாஷிங்டன் தெருவில் ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்தபோது, நல்லவேளை உங்களோடு வெளிநாட்டுத் தூதர் யாரும் இல்லை என்று மேடிசனிடமே சொன்னவர் அவர். மேடிசன் கோபப்படும் ஆளல்ல. ஆனால் எதையும் மாற்றவும் இல்லை.

இந்தக் காலத்தில் நடந்த இன்னொரு நல்ல காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். 1811இல் கோல்ஸும் அவருடைய சகோதரர் ஜானும் மாசசூசெட்ஸில் முன்னாள் குடியரசுத் தலைவர், முதியவர் ஜான் ஆடம்ஸைப் பார்க்கப் போனார்கள். ஆடம்ஸும் ஜெஃபர்சனும் 1800 குடியரசுத் தலைவர் தேர்தலில் மோதிய பிறகு முறுக்கிக்கொண்டு நின்ற பழைய நண்பர்கள். பேச்சுவாக்கில் ஆடம்ஸ், 'ஜெஃபர்சன் மீது எனக்கு எப்போதும் அன்புதான், இப்போதும் அன்புதான்' என்றார். அந்தச் சொல் ஜெஃபர்சன் காதுக்குப் போனது. 1812 புத்தாண்டு நாளில் ஆடம்ஸ் முதல் கடிதம் எழுதினார். இருவரும் 1826 ஜூலை 4 அன்று ஒரே நாளில் இறக்கும்வரை அந்தக் கடிதப் போக்குவரத்து நீடித்தது. அமெரிக்க வரலாற்றின் மிகச் சிறந்த கடிதத் தொகுதிகளில் ஒன்று பிறக்க, இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவர் ஒரு நல்ல சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் காரணம்.

அதே ஜெஃபர்சனுக்கு 1814 ஜூலை 31 அன்று கோல்ஸ் தன் சொந்தக் கவலையை எழுதினார். கடிதம் பணிவானது, ஆனால் கேட்ட விஷயம் சின்னதல்ல. எல்லா மனிதரும் சமம் என்று உலகத்துக்கு எழுதிக் கொடுத்தவர் நீங்கள், வர்ஜீனியாவில் அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கும் திட்டம் ஒன்றை நீங்களே முன்வைத்து நடத்த வேண்டும், உங்கள் வார்த்தைக்கு இருக்கும் மதிப்பு வேறு யாருடைய வார்த்தைக்கும் இல்லை என்றார். கூடவே தன் அடிமைகளை விடுவித்து மாநிலத்தை விட்டுப் போகும் முடிவையும் தெரிவித்தார்.

ஜெஃபர்சனின் பதில் ஆகஸ்ட் 25 தேதியிட்டது. அதற்கு முந்தைய நாள்தான் ஆங்கிலேயப் படை வாஷிங்டனுக்குள் புகுந்து வெள்ளை மாளிகையைக் கொளுத்தியது. அந்தப் பதிலை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் கனக்கிறது. உன் எண்ணம் உனக்குப் பெருமை சேர்க்கிறது என்று தொடங்குகிறார். விடுதலை நேரம் வந்தே தீரும் என்கிறார். ஆனால் தன்னை அதற்குக் கூப்பிடுவது, கிரேக்கக் காவியத்தில் வரும் கிழவன் பிரையத்துக்கு அவன் மகன் ஹெக்டரின் கவசத்தை மாட்டிவிடுவது போலிருக்கிறது, இது இளைஞர்கள் செய்ய வேண்டிய வேலை என்கிறார். அப்புறம் அந்த இளைஞருக்கு என்ன அறிவுரை? உன் மக்களைக் கைவிட்டுப் போகாதே, இங்கேயே இரு, நன்றாகச் சோறு போடு, துணி கொடு, பாதுகாப்பாக வைத்துக்கொள் என்பதுதான். ஜெஃபர்சனுக்கு அப்போது 71 வயது. நூற்றுக்கும் மேற்பட்ட அடிமைகள் அவரிடம் இருந்தார்கள்.

கோல்ஸ் விடவில்லை. செப்டம்பர் 26 அன்று மறுகடிதம் போட்டார். பெரிய காரியத்தைத் தொடங்கி வைப்பது ஊரின் மதிப்பைப் பெற்ற பெரியவர்களால்தான் முடியும், இளைஞர்களால் அல்ல என்றார். உங்கள் வயதையும் தாண்டிய பிறகு பெஞ்சமின் பிராங்க்ளின் எவ்வளவு உழைத்தார், அடிமை முறை என்ற தீமையிலிருந்து பென்சில்வேனியா சீக்கிரமே மீண்டதற்கு அவர் எவ்வளவு காரணம் என்று நினைவூட்டினார். இருபத்தேழு வயது இளைஞர், நாட்டின் மிகப் பெரிய மனிதருக்கு, மரியாதை ஒரு இம்மியும் குறையாமல், 'வயது ஒரு காரணமல்ல' என்று எழுதுகிறார். ஜெஃபர்சன் அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை.

பிறகு ஒரு நிலம் பார்க்கும் பயணம். 1816இல் ஒரு தூதரகச் சிக்கலைத் தீர்க்க ரஷ்யாவுக்கு மேடிசனின் தூதராகப் போய்வந்தது. அதிலிருந்து திரும்பும் வழியில் பிரான்சில், அமெரிக்க விடுதலைப் போரில் பங்கெடுத்த தளபதி லாஃபாயத்தைப் பார்த்தது. இவற்றையெல்லாம் வேகமாகக் கடந்து 1819 வசந்தத்துக்கு வருவோம்.

அந்த ஆண்டு ஏப்ரல் தொடக்கத்தில் வர்ஜீனியாவிலிருந்து சில வண்டிகள் புறப்பட்டன. ஓட்டிப்போகும் பொறுப்பை ரால்ஃப் கிராஃபோர்ட் என்ற அடிமையிடம் கோல்ஸ் ஒப்படைத்திருந்தார். வண்டிகளில் இருந்தவர்கள் இருபது பேருக்குச் சற்றுக் குறைவு, குழந்தைகள் உட்பட. இலினாய்க்குக் குடிபெயர்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும். விடுதலை என்ற பேச்சை முதலாளி எடுக்கவில்லை. பென்சில்வேனியாவின் பிரவுன்ஸ்வில்லில் தட்டையான அடிப்பாகம் கொண்ட இரண்டு படகுகளை வாங்கி, குதிரை, வண்டி, சாமான், ஆட்கள் எல்லாவற்றையும் ஏற்றி மனோங்கஹேலா ஆற்றில் இறங்கினார்கள். பிட்ஸ்பர்க் தாண்டியதும் ஒஹாயோ ஆறு.

காற்றில்லாத, வெயில் தெளிந்த ஒரு ஏப்ரல் காலை. கரை இரண்டிலும் மரங்கள் தளிர்விட்டிருந்தன. கோல்ஸ் இரண்டு படகுகளையும் சேர்த்துக் கட்டச் சொன்னார். எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி, நீங்கள் இனி அடிமைகள் அல்ல, என்னைப் போலவே சுதந்திரமானவர்கள், என்னோடு வர விரும்பினால் வரலாம், விருப்பமில்லாவிட்டால் கரை இறங்கி உங்கள் வழியே போகலாம் என்றார்.

யாருக்கும் பேச்சு வரவில்லை. அவரையும் ஒருவரை ஒருவரும் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, கேட்டது உண்மைதான் என்று உறைக்க ஆரம்பித்ததும், தங்களையும் மீறிய ஒரு வகைச் சிரிப்பு வந்தது, அதன்பின் கண்ணீர். எதிர்காலத்தில் கோல்ஸ் இலினாயில் வேரூன்றும் வரை சம்பளம் இல்லாமல் அவருக்கு உழைத்துத் தருகிறோம் என்று அவர்கள் சொன்னதாகவும், அதைத் தான் ஏற்கவில்லை என்றும் அவர் எழுதியிருக்கிறார். இலினாயில் குடும்பத் தலைவர் ஒவ்வொருவருக்கும் 160 ஏக்கர் நிலம் தருவதாக அங்கேயே அறிவித்தார். இத்தனை காலம் உழைத்ததற்கான கூலியின் ஒரு பகுதி என்றே அதைச் சொன்னார். 'தானம்' என்று சொல்லாமல் 'கூலி' என்று சொன்னதை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

அந்தக் காலையைப் பற்றி நமக்குக் கிடைப்பது கோல்ஸின் நினைவு மட்டுமே. ரால்ஃப் என்ன நினைத்தார், குழந்தையை இடுப்பில் வைத்திருந்த பெண் என்ன நினைத்தாள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. அந்தக் காட்சியை வாசிக்கும்போது அந்த மௌனத்தையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது.

முறையான விடுதலைப் பத்திரத்தை 1819 ஜூலை 4 அன்று, நாட்டின் சுதந்திர நாளில், இலினாயின் எட்வர்ட்ஸ்வில்லில் கோல்ஸ் எழுதிக் கொடுத்தார். மனிதன் இன்னொரு மனிதனைச் சொத்தாக வைத்திருக்கும் உரிமை பெற்றவன் என்று நான் நம்பவில்லை என்பது அதன் சாரம். அந்த ஊரில் அரசு நில அலுவலகத்தின் பதிவாளராக அவருக்கு வேலை கிடைத்திருந்தது. நிலம் வாங்க வருகிற ஒவ்வொரு குடியேறியும் அவர் மேசை முன் வந்து நின்றாக வேண்டும். கோல்ஸ் நாலு பேருக்குத் தெரிந்த மனிதரானது அப்படித்தான்.

ஆனால் அவர் தேடி வந்த 'சுதந்திர மாநிலம்' எப்படி இருந்தது? இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்த சண்டை புரியாது.

ஒஹாயோ ஆற்றுக்கு வடக்கே அடிமை முறை கூடாது என்று 1787ஆம் ஆண்டின் வடமேற்குப் பிரதேசச் சட்டம் சொன்னது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, அந்தக் கதை. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்திலிருந்தே கஸ்காஸ்கியா பக்கத்துக் கிராமங்களில் அடிமைகள் இருந்தார்கள். பழைய உரிமை என்று சொல்லி அவர்களை அப்படியே விட்டுவிட்டார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு குறுக்கு வழி இருந்தது: அடிமையை அழைத்து வந்து ஒப்பந்தத்தில் கைநாட்டு வாங்கிவிடுவது. நாற்பது ஆண்டு, தொண்ணூறு ஆண்டு என்று ஒப்பந்தம் போட்டால் பெயர்தான் வேலையாள். மூன்றாவது ஓட்டை, ஷானிடவுன் அருகே இருந்த உப்பு ஊற்றுகள். உப்புநீரைக் காய்ச்சும் அந்தக் கொடிய வேலைக்குக் கென்டக்கியிலிருந்து அடிமைகளை வாடகைக்குக் கொண்டுவர 1825 வரை அனுமதி இருந்தது. 1818இல் எழுதிய மாநில சாசனம், 'இனிமேல்' அடிமை முறையைக் கொண்டுவரக் கூடாது என்றது. 'இனிமேல்' என்ற அந்த ஒரு சொல்லால், ஏற்கெனவே இருந்ததெல்லாம் தப்பித்தது. 1820 மக்கள்தொகைக் கணக்கில் இலினாயில் 55,211 பேர், அவர்களில் 917 பேர் அடிமைகள்.

அப்போது மக்கள் பெரும்பாலும் மாநிலத்தின் தென்பாதியில்தான் இருந்தார்கள், பெரும்பாலோர் கென்டக்கி, டென்னசி, வர்ஜீனியாவிலிருந்து வந்தவர்கள். 1819இன் பொருளாதார வீழ்ச்சியில் நிலக்கடன் கழுத்தை நெரித்தது. அடிமைகளோடும் பணத்தோடும் தெற்கிலிருந்து வந்த பெருங்குடும்பங்கள் இலினாயைக் கடந்து மிசூரிக்குப் போனார்கள். 1820 உடன்பாட்டின் விளைவாக மிசூரி அடிமை மாநிலமாக நாட்டோடு சேர்ந்துகொண்டது. எங்கள் சாசனம் தடுக்காமல் இருந்தால் இந்தப் பணமெல்லாம் எங்கள் ஊரில் இறங்கியிருக்குமே என்ற ஏக்கம் சந்தையிலும் சாலையோரச் சத்திரத்திலும் பேச்சாக இருந்தது.

இந்தச் சூழலில் 1822 ஆளுநர் தேர்தல். நான்கு பேர் போட்டி. கோல்ஸுக்கு 2,854 வாக்கு. தலைமை நீதிபதி ஜோசப் பிலிப்ஸுக்கு 2,687. இன்னொரு நீதிபதி தாமஸ் பிரவுனுக்கு 2,443. ஜேம்ஸ் மூருக்கு 622. பிலிப்ஸ், பிரவுன் இருவருமே அடிமை முறைக்கு ஆதரவான அணியினர். அவர்கள் வாக்கு பிரிந்ததால் கோல்ஸ் மூன்றில் ஒரு பங்கு வாக்கோடு 167 வித்தியாசத்தில் ஜெயித்தார். அவர் ஊருக்கு வந்து மூன்றே ஆண்டுதான் ஆகியிருந்தது. சட்டமன்றமோ பெரும்பாலும் எதிரணியின் கையில்.

வேறு யாராக இருந்தாலும் கொஞ்ச நாள் அடக்கி வாசித்திருப்பார். கோல்ஸ் 1822 டிசம்பர் 5 அன்று பதவியேற்பு உரையிலேயே விஷயத்தைத் தொட்டார். மிச்சமிருக்கும் அடிமைகளை விடுவியுங்கள், கறுப்பின மக்கள் மீதான கொடூரச் சட்டங்களைத் தளர்த்துங்கள், சுதந்திரமான கறுப்பினத்தவரைக் கடத்திப் போய்த் தெற்கே விற்பவர்களுக்குக் கடும் தண்டனை கொடுங்கள் என்றார். மிச்சிகன் ஏரியையும் இலினாய் ஆற்றையும் கால்வாயால் இணைக்க வேண்டும் என்பதும் அதே உரையில் இருந்தது. கால்வாயைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை. அடிமைகளைப் பற்றிச் சொன்னதைப் பரிசீலித்த குழுவோ நேர் எதிர்த்திசையில் போனது. சாசனத்தையே திருத்த ஒரு பேரவை கூட்டலாம் என்று பரிந்துரைத்தது. கோல்ஸ் கூட்டைக் கலைத்துவிட்டார் என்று அவருடைய நண்பர்களே சிலர் வருந்தினார்கள். என் எண்ணம் வேறு. இந்தக் கோரிக்கை எப்படியும் வரத்தான் போகிறது. அதைச் சத்தமில்லாமல் நகர்த்தும் வாய்ப்பை அவர் உரை எடுத்துவிட்டது.

கேள்வியை மக்கள் முன் வைக்கவே இரு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். மேலவையில் கிடைத்தது. கீழவையில் ஒரே ஒரு வாக்கு குறைந்தது. பைக் மாவட்ட உறுப்பினர் நிக்கலஸ் ஹான்சன் கடைசி நேரத்தில் எதிர்த்து வாக்களித்துவிட்டார். அடுத்து நடந்தது அந்த மாநில வரலாற்றில் அழியாத கறை. ஹான்சனுக்கும் ஜான் ஷா என்பவருக்கும் அந்த இடத்துக்காக வழக்கு இருந்து, அவையே ஹான்சன் பக்கம் தீர்ப்புச் சொல்லி முடித்திருந்தது. முடிந்த வழக்கை மறுபடி திறந்தார்கள். ஹான்சனை வெளியேற்றி, ஷாவைத் தொலைதூரத்திலிருந்து வரவழைத்து உட்காரவைத்து, தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். 1823 பிப்ரவரி.

அன்று இரவு தலைநகர் வாண்டேலியாவில் கொண்டாட்டம். தீப்பந்தம், தகரக் கொம்பு, மேளம், தட்டுமுட்டுப் பாத்திரம் எல்லாம் எடுத்துக்கொண்டு பெருங்கூட்டம் கிளம்பியது. அதில் நீதிபதிகளும் சட்டமன்ற உறுப்பினர்களும் இருந்தார்கள். ஹான்சனின் கொடும்பாவியை எரித்தார்கள். ஆளுநர் தங்கியிருந்த வீட்டின் முன் நின்று, 'பேரவை, இல்லையேல் மரணம்!' என்று கத்தினார்கள்.

அந்தச் சத்தம் எதிரணிக்குச் செய்த நன்மையைவிடக் கோல்ஸுக்குச் செய்த நன்மை அதிகம். ஹான்சனை வெளியேற்றிய விதம் அடிமை முறையைப் பற்றிக் கவலைப்படாதவர்களைக்கூட முகம் சுளிக்க வைத்தது. அப்புறம் பதினெட்டு மாதம் மாநிலம் முழுக்க வேறு பேச்சே இல்லை. கோல்ஸ் தன் நான்கு ஆண்டுச் சம்பளம் முழுவதையும், ஆண்டுக்கு 1,000 டாலர் வீதம் 4,000 டாலரை, இந்தப் போராட்டத்துக்குக் கொடுத்தார். நண்பர்களோடு சேர்ந்து வாண்டேலியாவின் பத்திரிகை ஒன்றை வாங்கினார். பிலடெல்பியாவில் இருந்த வங்கியாளர் நிக்கலஸ் பிடிலுக்கும், அடிமை முறையை எதிர்த்த குவேக்கர் சமயத்தைச் சேர்ந்த ராபர்ட்ஸ் வாக்ஸுக்கும் எழுதி, துண்டுப் பிரசுரங்களை அச்சடித்து அனுப்பச் செய்தார். வெளி மாநிலத்துப் பணம் என்று தெரிந்தால் எதிரிகள் அதையே ஆயுதமாக்குவார்கள் என்பதால் அதைச் சத்தமில்லாமல் செய்தார்கள்.

தனி ஆளாக அவர் ஜெயிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாப்டிஸ்ட் போதகர் ஜான் மேசன் பெக் குதிரையில் ஊர் ஊராகப் போய்ச் சங்கங்களைக் கட்டினார். இங்கிலாந்திலிருந்து குடியேறிய விவசாயி மாரிஸ் பர்க்பெக் 'ஜோனதன் ஃப்ரீமேன்' என்ற புனைபெயரில் சாதாரண உழவனின் மொழியில் கடிதங்கள் எழுதினார். ஒரு நூறு அடிமையோடு பண்ணையார் ஒருவர் பக்கத்து நிலத்துக்கு வந்தால், உன் உழைப்புக்கு என்ன விலை கிடைக்கும், உன் பிள்ளைக்கு என்ன மதிப்பு இருக்கும் என்று கேட்டார். அது வாக்காளர் மனதில் தைத்தது.

அங்கேதான் வெற்றியின் எல்லையும் தெரிகிறது. 'வேண்டாம்' என்று வாக்களித்த 6,640 பேரும் கறுப்பின மக்களின் உரிமைக்காக வாக்களிக்கவில்லை. அடிமையும் வேண்டாம், சுதந்திரமான கறுப்பினத்தவரும் வேண்டாம் என்று நினைத்தவர்கள் அவர்களில் ஏராளம். கறுப்பினத்தவருக்கு எதிரான சட்டங்கள் அப்படியே நீடித்தன. 1853இல் அவர்கள் மாநிலத்துக்குள் குடியேறுவதையே தடுக்கும் சட்டம் வந்தது. கோல்ஸும்கூட, விடுதலை பெற்றவர்களை ஆப்பிரிக்காவில் குடியமர்த்தும் திட்டத்தை ஆதரித்தவர்தான். வெள்ளையர்கள் அவர்களைச் சமமாக வாழ விடமாட்டார்கள் என்று வர வர நம்பத் தொடங்கியிருந்தார். இலினாயில் அவர் கண்டது அந்த நம்பிக்கையை அசைக்கவில்லை.

தோற்றவர்கள் பழி தீர்க்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1819 மார்ச்சில் போட்ட ஒரு சட்டப்படி, அடிமைகளை அழைத்து வந்து விடுதலை செய்பவர் ஆளுக்கு 1,000 டாலர் பிணை கட்ட வேண்டும். அந்தச் சட்டம் அச்சாகி வெளிவந்தது அக்டோபரில். கோல்ஸ் பத்திரம் எழுதியது ஜூலையில், அப்போது அவருக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. மேடிசன் மாவட்ட நிர்வாகம் வழக்குப் போட்டது. 1824 செப்டம்பரில், வாக்கெடுப்பு முடிந்த மறுமாதம், 2,000 டாலர் அபராதம் என்று தீர்ப்பு வந்தது. அடுத்த ஜனவரியில் சட்டமன்றமே அபராதத்தை நீக்கிச் சட்டம் போட்டும் கீழ் நீதிபதி ஏற்க மறுத்தார். 1826இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்த பிறகுதான் கோல்ஸுக்கு மூச்சு வந்தது. மனிதர்களை விடுதலை செய்த குற்றத்துக்காக ஒரு மாநிலத்தின் ஆளுநர், பதவியில் இருக்கும்போதே, அந்த மாநிலத்தின் நீதிமன்றத்தில் நின்றார்.

பர்க்பெக்குக்கும் விடிவில்லை. கோல்ஸ் அவரை மாநிலச் செயலாளராக நியமித்தார், மேலவை நிராகரித்தது. 1825 ஜூனில் ஃபாக்ஸ் ஆற்றைக் கடக்கும்போது வெள்ளத்தில் மூழ்கி இறந்தார். அதே ஆண்டு கோல்ஸ் சில மாதம் வெளியூர் போய்த் திரும்பியபோது, இடைக்காலப் பொறுப்பில் இருந்த துணை ஆளுநர் ஹப்பர்ட் நாற்காலியை விட மறுத்தார். நீங்கள் மாநிலத்தை விட்டுப் போனதும் பதவி காலியாகிவிட்டது என்று வாதிட்டார். நீதிமன்றமும் சட்டமன்றமும் ஹப்பர்டுக்குத் துணை நிற்கவில்லை.

1826 டிசம்பரில் பதவிக்காலம் முடிந்தது. சாசனப்படி தொடர்ந்து இரண்டாம் முறை நிற்க முடியாது. 1831இல் காங்கிரசுக்குப் போட்டியிட்டுப் படுதோல்வி அடைந்தார். குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சனின் அலை வீசிய காலம், பழைய வர்ஜீனியா பாணிக் கனவானுக்கு அங்கே இடமில்லை. மறு ஆண்டு பிலடெல்பியாவுக்குக் குடிபோனார். 1833இல் சாலி லோகன் ராபர்ட்ஸை மணந்தார், மூன்று பிள்ளைகள். முதிய மேடிசனிடம், உயிலிலாவது உங்கள் அடிமைகளை விடுவியுங்கள் என்று எழுதி மன்றாடினார். மேடிசன் 1836இல் இறந்தார். உயிலில் விடுதலை இல்லை. ஜெஃபர்சனிடம் கேட்டு ஏமாந்தவர், இருபது ஆண்டு கழித்து இன்னொரு முறை ஏமாந்தார்.

இலினாய் அவர் பெயரை ஒரு மாவட்டத்துக்கு வைத்தது. அந்தக் கோல்ஸ் மாவட்டத்தின் நீதிமன்றத்தில் 1847இல் ஒரு வழக்கு வந்தது. ராபர்ட் மேட்சன் என்ற கென்டக்கி நிலக்கிழார், இலினாய்க்குக் கொண்டுவந்து வேலை வாங்கிய ஜேன் பிரயன்ட் என்ற பெண்ணையும் அவள் நான்கு பிள்ளைகளையும் தன் சொத்து என்று கேட்டார். அவருக்காக வாதாடிய வழக்கறிஞர்களில் ஒருவர் ஆபிரகாம் லிங்கன். வழக்கில் லிங்கன் தரப்பு தோற்றது. சுதந்திர மண்ணில் குடியிருத்தப்பட்டதால் ஜேனும் பிள்ளைகளும் சுதந்திரமானவர்கள் என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். லிங்கனை நான் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, அவர் போன தூரம் மிகப் பெரியது. ஆனால் அந்தத் தாயும் பிள்ளைகளும் தப்பித்ததற்கு 1824இன் வாக்குகள் காரணம், அந்த வழக்கில் லிங்கன் வேறு பக்கம் நின்றிருந்தார்.

1856இல், அடிமை முறைச் சண்டையில் கான்சஸ் பிரதேசமே தீப்பிடித்தது போலக் கொந்தளித்த நாட்களில், 1787ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரலாற்றை ஒரு கட்டுரையாக எழுதிப் பென்சில்வேனியா வரலாற்றுக் கழகத்தில் கோல்ஸ் படித்தார். வயது 69. உள்நாட்டுப் போர் வந்தபோது அவருடைய இளைய மகன் ராபர்ட்ஸ் வர்ஜீனியாவுக்குத் திரும்பிப் போயிருந்தார். தாத்தாவின் மண் என்று போனவர், அடிமை முறையைக் காக்கப் பிரிந்து நின்ற தென் மாநிலங்களின் படையில் கேப்டனாகச் சேர்ந்தார். 1862 பிப்ரவரி 8 அன்று ரோனோக் தீவுச் சண்டையில் குண்டு பாய்ந்து இறந்தார். தந்தை பிலடெல்பியாவில் இருந்தார்.

அடிமை முறையை நாடு முழுவதும் ஒழிக்கும் பதின்மூன்றாவது திருத்தத்தைக் காங்கிரஸ் 1865 ஜனவரி 31 அன்று நிறைவேற்றியது. மறுநாளே, பிப்ரவரி 1 அன்று, அதற்கு ஒப்புதல் கொடுத்த முதல் மாநிலம் இலினாய். கோல்ஸுக்கு அப்போது 78 வயது. இன்னும் மூன்று ஆண்டு உயிரோடிருந்தார்.